கொடி குத்தியாச்சு... காகிதம் சரியா இருக்கா?

டிசம்பர் 7 நெருங்கினால் அரசு அலுவலகங்களில் ரசீதுப் புத்தகம் சுற்றத் தொடங்கிவிடும். மாவட்டத்துக்கு ஓர் இலக்கு, துறைக்கு ஓர் இலக்கு. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் சேர்ந்த சின்னக் கொடி சட்டையில் ஏறும். ஆட்சியர் உண்டியலில் பணம் போடும் படம் மறுநாள் பேப்பரில் வரும். 1949-லிருந்து இதுதான் படைவீரர் கொடிநாள்.

களத்தில் விழுந்தவர்களை நாம் மறக்கவில்லை. டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் இருக்கின்றன. மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை 2024 தீபாவளிக்குப் படமாக வந்தபோது தியேட்டரே கண் கலங்கியது. ஆனால் சர்வீஸ் முடித்து ஊர் திரும்பி, ஏதோ ஒரு ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டியாக நின்று, நோயில் போய்ச் சேர்ந்த சிப்பாயின் மனைவி? அவருக்குப் படமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கையில் இருப்பது, கணவர் படையிலிருந்து வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்தான்.

சிக்கலும் அங்கேதான். பதினெட்டில் படையில் சேர்கிறவர் கல்யாணம் ஆனதும் யூனிட்டில் சொல்ல வேண்டும். 'பார்ட் டூ ஆர்டர்' போட்டு மனைவி பெயரை ஏற்றுவார்கள். எழுதுகிறவருக்குத் தமிழ் தெரியாது. இன்ஷியல் என்ற நம் வழக்கமும் புரியாது. ஊரில் 'தமிழ்ச்செல்வி', புத்தகத்தில் 'செல்வி'. அப்பா பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். பிறந்த தேதியோ குத்துமதிப்பு. கணவர் இருக்கும்வரை யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் கண்ணை மூடிய பிறகுதான் ஆதாரும் டிஸ்சார்ஜ் புக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகின்றன.

பிறகு அலைச்சல். அஃபிடவிட், வாரிசுச் சான்று, ஆவண அலுவலகத்துக்குக் கடிதம். கணவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். பீரங்கிப்படை என்றால் நாசிக். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். குடும்ப ஓய்வூதியம் அதுவரை காத்திருக்கும்.

15 வருட சர்வீஸ் இல்லாமல் வெளியே வந்த சிப்பாய்க்கு வழக்கமான ஓய்வூதியமே கிடையாது. அப்படிப்பட்டவர்களில் ஹவில்தார் வரையிலான, 65 வயது கடந்தவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் கொடிநாள் நிதியிலிருந்து மாத உதவி உண்டு. 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 8,000. தொகை இரட்டிப்பானது நல்ல சேதி. விண்ணப்பத்தில் பெயர் ஒத்துப்போகாத பாட்டிக்கு இரட்டிப்பானால் என்ன, மும்மடங்கானால் என்ன?

'எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்டது, இனி பிரச்சினை இல்லை' என்கிறார்கள். சரிதான், ஆனால் தப்பாக ஏறிய பெயர் கம்ப்யூட்டரிலும் தப்பாகத்தானே இருக்கும்?

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய ஊர்கள் இருக்கின்றன. கொடிநாளன்று உண்டியலோடு ஒரு மேசையையும் அங்கே கொண்டுபோய்ப் போடலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்து ஆள் ஒருவர், நோட்டரி ஒருவர், ஜெராக்ஸ் மிஷின் ஒன்று போதும். கணவர் உயிரோடு இருக்கும்போதே பெயரைத் திருத்திவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. தெருவில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தால், இந்த டிசம்பரில் சல்யூட்டோடு நிறுத்தாமல் கேளுங்கள்: "அண்ணே, புக்குல அண்ணி பேரு சரியா இருக்கா?"