கேர் பிளானும் ரூப்ரிக்கும்

நர்சிங் மாணவர்கள் எழுதித் தரும் வேலைகளில் முதன்மையானது கேர் பிளான் எனப்படும் பராமரிப்புத் திட்டம். வார்டில் ஒரு நோயாளியை மாணவரிடம் ஒப்படைப்பார்கள். அவரைப் பரிசோதித்து, அவருக்குள்ள சிக்கல்களை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம், செய்தபின் பலன் என்ன என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். இதோடு கேஸ் ஸ்டடி, டிரக் ஸ்டடி, ஹெல்த் டாக் என்று ரெக்கார்டு நோட்டு நிரம்பிக்கொண்டே போகும். இவற்றைத் திருத்துபவர் கையில் பெரும்பாலும் இருப்பது வெறும் மதிப்பெண் பட்டியல்: நோயாளி விவரத்துக்கு 5, பரிசோதனைக்கு 10, திட்டத்துக்கு 10, நேர்த்திக்கு 5 என்பதுபோல. திட்டத்துக்குப் பத்தில் ஏழு வாங்கியவருக்கு மீதி மூன்று எங்கே போயிற்று என்று தெரியாது. ஒன்பது வாங்கிய தோழிக்கும், அது எதற்காகக் கிடைத்தது என்று தெரியாது.

ரூப்ரிக் என்னும் மதிப்பீட்டு அட்டவணை இந்தக் குறையைத் தீர்க்கவே பயன்படுகிறது. அதன் இடப்பக்கம், எதையெல்லாம் மதிப்பிடப்போகிறோம் என்ற கூறுகள் இருக்கும். மேல் வரிசையில் தர நிலைகள், பொதுவாக மூன்று அல்லது நான்கு. உள்ளே ஒவ்வொரு கட்டத்திலும், அந்தக் கூறு அந்த நிலையில் எப்படி இருக்கும் என்ற விவரிப்பு. மதிப்பெண் பட்டியலுக்கும் ரூப்ரிக்குக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த விவரிப்பில்தான் அடங்கியிருக்கிறது. அது சரியாக அமையாவிட்டால், கோடு போட்ட மதிப்பெண் பட்டியல்தான் மிஞ்சும்.

திருத்துபவரைப் பொறுத்து மதிப்பெண் மாறும் என்பது பழைய செய்தி. 1912-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகிய இருவரும், பள்ளி மாணவர்கள் எழுதிய இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்துப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 பேர் போட்ட மதிப்பெண்களை வரிசைப்படுத்தியபோது, ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரையும் மற்றதற்கு 50 முதல் 97 வரையும் வந்திருந்தன. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தள்ளிவிடவும் வழியில்லை. அடுத்து வடிவியல் விடைத்தாளை வைத்து அதே சோதனையைச் செய்தபோது இடைவெளி இன்னும் அகலமாகத்தான் இருந்தது.

நர்சிங்கில் இந்தச் சிக்கல் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. ரெக்கார்டு நோட்டில் திருத்தப்படாத தவறு, சில மாதங்களில் கட்டிலருகே போய் நிற்கும். ஆகவே ரூப்ரிக்கின் முதல் வேலை, மாணவர் எந்தப் படியில் இருக்கிறார், அடுத்த படிக்கு என்ன தேவை என்பதைச் சொல்வது. மதிப்பெண் அதற்குப் பின்னால்தான்.

நிமோனியா நோயாளிக்கான கேர் பிளானில் ‘குறிக்கோள்’ என்ற ஒரு கூறை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ‘ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்’ என்று எழுதும் மாணவர் கீழ்ப்படியில் இருக்கிறார்; அது நர்ஸ் செய்யும் வேலையே தவிர, நோயாளி அடைய வேண்டிய நிலை அல்ல. ‘மூச்சுத் திணறல் குறையும்’ என்பது இரண்டாம் படி. நோயாளியிடம் ஏற்பட வேண்டிய மாற்றம் வந்துவிட்டது. எவ்வளவு, எப்போதுக்குள் என்பது இல்லை. ‘24 மணி நேரத்துக்குள் மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 20-க்குள் வரும், ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே போகாது’ என்று எழுதினால் மூன்றாம் படி. அளவும் கெடுவும் இருப்பதால் மறுநாள் காலை எவரும் சரிபார்க்கலாம். நான்காம் படியில் அந்த எண் இந்த நோயாளிக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி வருகிறது. அவருக்கு ஏற்கெனவே சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்து, ரத்தத்தில் கரியமிலவாயு தேங்கும் அபாயமும் இருந்தால், வழக்கமான இலக்கு 88 முதல் 92 விழுக்காடுதான். 94-ஐப் பிடிக்கப் போவது ஆபத்து. புத்தகத்து எண்ணை அப்படியே இறக்கியவருக்கும் நோயாளியைப் பார்த்து எழுதியவருக்கும் உள்ள தூரம் இந்த ஒரு வரிசையிலேயே தெரிந்துவிடும்.

‘சிறப்பாக எழுதியுள்ளார்’, ‘ஓரளவு எழுதியுள்ளார்’ என்று கட்டங்களை நிரப்பியிருந்தால் இது எதுவும் நடக்காது. எது சிறப்பு, எது ஓரளவு என்பதை மறுபடியும் திருத்துபவர்தான் ஊகிக்க வேண்டியிருக்கும். ரூப்ரிக் தயாரிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

அடுத்தது எடை. வண்ணப் பேனாவால் அடிக்கோடிட்டு, நுரையீரல் படம் வரைந்து ஒட்டிய ரெக்கார்டு நோட்டுக்கு நர்சிங் கல்லூரிகளில் உள்ள மரியாதை தனி. அந்த மரியாதை மதிப்பெண்ணிலும் புகுந்துவிடும். நேர்த்திக்கு இருபதில் ஒரு பங்கு, நோயாளி பாதுகாப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று முன்கூட்டியே அச்சிட்டுவிட்டால், புகுவதற்கு இடம் இருக்காது. சில தவறுகளைக் கூட்டல் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. நிமோனியாவுக்கான பாடப்புத்தகத் திட்டத்தில் ‘நிறைய நீராகாரம் கொடுக்கவும்’ என்று இருக்கும். அதே நோயாளிக்கு இதயச் செயலிழப்பும் இருந்து, டாக்டர் நீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால், சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதியவர் அந்த வரியையும் சேர்த்தே எழுதிவிடுவார். மற்ற வரிசைகளில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும், இப்படி ஒரு வரி இருந்தால் திருப்பி எழுதித் தர வேண்டும் என்ற விதியை ரூப்ரிக்கிலேயே வைக்க முடியும், வைப்பதுதான் சரி.

நர்சிங் கல்வியில் அதிகம் அறியப்பட்ட ரூப்ரிக், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பணியாற்றிய காத்தி லாசட்டர் 2007-இல் வெளியிட்டது. நர்ஸ் முடிவெடுக்கும் விதத்தை, ‘கவனித்தல்’, ‘பொருள்கொள்ளுதல்’, ‘செயல்படுதல்’, ‘திரும்பிப் பார்த்தல்’ என நான்கு கட்டங்களாக நர்சிங் கல்வியாளர் கிறிஸ்டின் டானர் அதற்கு முந்தைய ஆண்டு பிரித்துக் காட்டியிருந்தார். லாசட்டர் அவற்றை 11 கூறுகளாக விரித்து, ஒவ்வொன்றையும் தொடக்கநிலை முதல் முன்மாதிரி நிலை வரை நான்கு படிகளில் விவரித்தார். பொம்மை நோயாளியை வைத்து நடக்கும் சிமுலேஷன் பயிற்சியில் மாணவர்களைக் கவனித்து உருவாக்கியது என்பதால், அதன் விவரிப்புகள் கண்ணால் காணக்கூடியவையாக இருக்கின்றன. கவனித்தல் என்ற பகுதியில் தொடக்கநிலை மாணவர் தகவல் வெள்ளத்தில் குழம்பி முக்கிய அறிகுறிகளைத் தவறவிடுவார். மேல்நிலையில் இருப்பவர், வழக்கத்திலிருந்து விலகும் சிறு மாற்றத்தையும் பிடித்துக்கொண்டு அதைத் தொடர்ந்து விசாரிப்பார்.

எவ்வளவு நல்ல ரூப்ரிக்கும், திருத்திய நோட்டோடு சேர்ந்து வந்தால் வெறும் தீர்ப்புதான். வேலையைக் கொடுக்கும் நாளிலேயே அது மாணவர் கைக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படை. எட்ட வேண்டிய தரம் எது என்பதை மாணவர் அறிந்திருக்க வேண்டும், தன் வேலையை அதனோடு ஒப்பிட வேண்டும், இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை அவர் வைத்தார். வகுப்பில் இதைச் செய்வது கடினமல்ல. பெயர் நீக்கிய பழைய கேர் பிளான்கள் இரண்டை, ஒன்று நல்லது, ஒன்று சுமார், மாணவர்களிடம் கொடுத்து ரூப்ரிக்படி மதிப்பெண் போடச் சொல்லலாம். பிறகு தங்கள் முதல் வரைவுக்குத் தாங்களே போட்டுப் பார்த்து, குறைந்த வரிசையைத் திருத்திய பின் சமர்ப்பிக்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் பயிற்சி தேவை. ஆண்டெர்ஸ் யோன்சன், குனில்லா ஸ்விங்பி ஆகிய சுவீடன் ஆய்வாளர்கள் 2007-இல் 75 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கூறு கூறாகப் பிரித்த, குறிப்பிட்ட வேலைக்கென்றே எழுதிய ரூப்ரிக்குகளோடு மாதிரித் தாள்களோ திருத்துபவருக்குப் பயிற்சியோ சேரும்போது மதிப்பெண்கள் ஒத்துப்போவது குறிப்பாகக் கூடுகிறது என்றது அவர்களின் முடிவு. கல்லூரியில் இதற்கு ஒரு மதியப்பொழுது போதும். ஒரே மூன்று நோட்டுகளை எல்லா ஆசிரியர்களும் தனித்தனியே திருத்தி, பிறகு மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த வரிசையில் கருத்து பிளக்கிறதோ, அந்த வரிசையின் வாசகம்தான் மங்கலாக இருக்கிறது. மாற்றி எழுத வேண்டியது அதைத்தான்.

கூறுகள் பெருகினால் ரூப்ரிக் சுமையாகிவிடும். இருபது வரிசை இருந்தால் திருத்துபவர் பாதியைப் படிக்காமலே டிக் அடிப்பார். ஒரு கேர் பிளானுக்கு ஐந்தாறு கூறுகள் தாராளம். கட்டத்தில் உள்ளதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும் மாணவர்களும் உருவாவார்கள். கட்டங்களில் அடங்காத நல்ல சிந்தனையைக் குறிக்க, கடைசியில் சில வரி வெற்றிடம் விட்டு, ஆசிரியர் கைப்பட எழுதுவதே இதற்கு நடைமுறையில் உள்ள தீர்வு.

எழுத்து வேலைக்கான ரூப்ரிக் கைத்திறனை அளக்காது. ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்றவற்றுக்கு ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய ஓஸ்கி தேர்வு இருக்கிறது. நிலையம் நிலையமாக மாணவர்கள் நகர்ந்து செல்ல, ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வாளர் செய்முறைப் பட்டியலை வைத்துக் குறித்துக்கொண்டே வருவார். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் அரசிதழில் வெளியிட்ட, எட்டு செமஸ்டர் கொண்ட பிஎஸ்சி நர்சிங் பாடத்திட்டத்திலும் ஓஸ்கிக்கு இடம் உண்டு.