இடுக்கான இடங்களுக்கு மடங்கு சாக்கெட்: சிக்கனமாகத் தேர்ந்தெடுக்கும் முறை

சேர்வராயன் மலையில் இன்று விவசாயம் பெரும்பாலும் இயந்திரங்களின் துணையுடனேயே நடைபெறுகிறது. காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பர், ஓடையிலிருந்து மேட்டுக்கு நீரேற்றும் பம்பு செட்டு, மருந்து அடிக்கும் விசைத் தெளிப்பான், களை வெட்டும் இயந்திரம், மிளகையும் காப்பியையும் சுமந்து செல்லும் ஜீப்பு ஆகியவை சிறு தோட்டக்காரர்களிடத்தும் காணப்படுகின்றன. இயந்திரம் வாங்குவதற்குப் பெருந்தொகை செலவிடும் நாம், அதன் நட்டுகளைத் திருகுவதற்குரிய கருவியைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. கைக்குக் கிடைத்த ஸ்பானரும் ஒரு சுத்தியலும் போதும் என்று இருந்துவிடுகிறோம். வேலை தடைப்படும் நாளில்தான் இக்குறை தெரிய வருகிறது.

மலைப் பகுதியில் இக்குறையினால் உண்டாகும் நஷ்டம் பெரிது. பழுத்த காப்பிப் பழங்களைப் பறித்த அன்றே பல்ப்பரில் இட்டுத் தோல் நீக்க வேண்டும். குவியலாகக் கிடந்தால் அவை சூடேறிப் புளித்து, கொட்டையின் தரம் கெடும். அறுவடை உச்சத்தில் இருக்கும் ஒரு மாலையில், பல்ப்பரை இயக்கும் மோட்டாரின் அடிப்பலகை போல்ட்டு தளர்ந்து பட்டை நழுவுகிறது என்று கொள்வோம். போல்ட்டு கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்கும் எட்டுகிறது, ஆனால் ஸ்பானரைத் திருப்ப இடமில்லை. நாகலூரிலோ, செம்மநத்தத்திலோ, மாரமங்கலத்திலோ உள்ளவர் அதற்காக மெக்கானிக்கைத் தேடி ஏற்காட்டிற்கு வர வேண்டும்; அங்கும் கிடைக்காவிடில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேலத்திற்கு இறங்க வேண்டும். அதற்குள் அன்றைய பழம் வீணாகிவிடும். இத்தகைய இடுக்கான இடங்களுக்கென்றே அமைந்த கருவிதான் மடங்கு சாக்கெட். இதனைக் கடைக்காரர்கள் ஸ்விவல் சாக்கெட் என்றும், யுனிவர்சல் சாக்கெட் என்றும் கூறுவர்.

கருவியின் அமைப்பு

சாதாரண சாக்கெட் என்பது போல்ட்டுத் தலையை முழுவதுமாக மூடிப் பிடிக்கும் குழல் போன்றது. அதன் பின்புறத்துச் சதுரத் துளையில் ராட்செட் கைப்பிடியின் சதுர முனை பொருந்தும். ஆயினும் கைப்பிடி போல்ட்டுக்கு நேர் பின்னே நின்றால்தான் அது வேலை செய்யும். இடையில் ஒரு குழாயோ, கப்பியோ, இரும்புச் சட்டமோ குறுக்கிட்டால் பயனில்லை. மடங்கு சாக்கெட்டில் குழலுக்கும் சதுரத் துளைக்கும் நடுவே ஒரு மூட்டு உண்டு. அதனால் கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் போல்ட்டு தன் அச்சில் நேராகத் திரும்பும்.

இம்மூட்டு நமக்குப் புதியதன்று. ஜீப்பின் அடியில், இயந்திரத்தின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் தண்டின் முனைகளில், கிராஸ் என்று மெக்கானிக்குகள் அழைக்கும் சிலுவை வடிவப் பகுதியைப் பலரும் பார்த்திருப்பர். தத்துவம் அதுவே. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோ, 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் ஆகிய இருவருடைய பெயராலும் இம்மூட்டு இன்றும் வழங்கப்படுகிறது.

இம்மூட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. வாங்குபவர் அதனை அறிந்திருத்தல் அவசியம். மூட்டு நேராக இருக்கும்போது கை திரும்பும் அளவே போல்ட்டும் திரும்பும். சாய்வு மிகுந்தால் சுழற்சி சீராக இராது. 15 பாகைச் சாய்வில் வேறுபாடு கைக்குத் தெரியாத அளவில் இருக்கும். 30 பாகையில் ஒரே சுற்றுக்குள் போல்ட்டின் வேகம் கையின் வேகத்தில் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே இரு முறை ஏறி இறங்கும். 45 பாகையில் இது 0.71 மடங்கு முதல் 1.41 மடங்கு வரை ஆகும். போல்ட்டுக்குச் சென்று சேரும் முறுக்கு விசையும் இவ்வாறே மாறுபடும். அத்துடன், சாய்வு கூடக் கூட, சாக்கெட்டைப் போல்ட்டுத் தலையினின்று பக்கவாட்டில் கழற்றித் தள்ளும் விசையும் கூடும். போல்ட்டுத் தலையின் முனைகள் மழுங்குவதும், கை வழுக்கி விரல் காயமடைவதும் இதனாலேயாம். ஆகவே, மிக அதிகமாக மடங்கும் சாக்கெட்டே மிகச் சிறந்தது என்று எண்ணுதல் தவறு. 30 பாகைக்குள் வேலையை முடிக்க இயலுமாறு கருவியையும் கை நிற்கும் இடத்தையும் அமைத்துக் கொள்வதே முறை.

நான்கு வகைகள்

கடைகளில் இக்கருவி நான்கு உருவங்களில் கிடைக்கிறது.

முதலாவது, தனி மடங்கு இணைப்பு. யுனிவர்சல் ஜாயிண்ட் என்று கேட்டால் கொடுப்பர். இதனை ராட்செட்டுக்கும் நம்மிடம் ஏற்கெனவே உள்ள எந்தச் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகலாம். ஒரே இணைப்பு எல்லா அளவுகளுக்கும் உதவுவதால் செலவு குறைவு. ஆனால் இணைப்பும் சாக்கெட்டும் சேர்ந்து நீளம் கூடிவிடும்.

இரண்டாவது, மூட்டும் குழலும் ஒன்றாகவே அமைந்த மடங்கு சாக்கெட். இதன் மொத்த நீளம் குறைவு. மிகக் குறுகிய இடத்திலும் நுழையும். ஆனால் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே வாங்க வேண்டும்.

மூன்றாவது, சற்றே சாயும் முனையுடைய நீட்டிப்புத் தண்டு. இதனை வாபிள் எக்ஸ்டென்ஷன் என்பர். ஏறத்தாழ 15 பாகை வரை சாயும். இதில் தனி மூட்டு இல்லாமையால் பழுதாவதற்கு அதிகம் இடமில்லை. நம் வேலைகளில் பலவற்றுக்கு இதுவே போதுமானதாகும்.

நான்காவது, இரு முனைகளிலும் மடங்கும் சாக்கெட்டுகளை உடைய ஸ்பானர். ராட்செட் இல்லாதவர்களுக்கு இது பயன்படும்.

புதிதாக வாங்குவோர் முதலில் ஒரு நீட்டிப்புத் தண்டையும் ஒரு தனி மடங்கு இணைப்பையும் வாங்கலாம். அவற்றால் எட்ட முடியாத போல்ட்டு ஒன்று நம் இயந்திரத்தில் உண்டு என்று உறுதியான பின்னரே, அந்த ஓர் அளவில் மட்டும் முழு மடங்கு சாக்கெட் வாங்க வேண்டும். பத்துச் சாக்கெட்டுகள் கொண்ட பெட்டி மலிவாகத் தோன்றலாம். ஆனால் அவற்றில் இரண்டே பயன்படுமாயின், மற்ற எட்டுக்கும் கொடுத்த பணம் பெட்டியிலேயே உறங்கும். பெட்டியின் விலையைப் பயன்படும் இரண்டால் வகுத்துப் பார்ப்பதே சரியான கணக்கு.

அளவை அறிதல்

கடைக்குச் செல்லுமுன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. போல்ட்டுத் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலுள்ள அகலமே சாக்கெட்டின் அளவாகும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10, 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 13 என்பது பொது வழக்கம். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பழைய வழக்கில் 17, புதிய வழக்கில் 16. 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பழைய வழக்கில் 19, புதிய வழக்கில் 18. ஜப்பானிய முறையில் அமைந்த இயந்திரங்களில் 12, 14 ஆகிய அளவுகளும் வரும். பழைய ஆங்கில மாதிரி எண்ணெய் எஞ்சின்களில் அங்குல அளவு போல்ட்டுகள் இருக்கக்கூடும். அவற்றின்மீது ஏறத்தாழப் பொருந்தும் மில்லிமீட்டர் சாக்கெட்டை வலிந்து மாட்டினால் தலை மழுங்கிவிடும். ஆதலால் அளந்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது கைப்பிடி பொருந்தும் சதுரத்தின் அளவு. கால் அங்குலம், அதாவது இரண்டு நூல், சிறு போல்ட்டுகளுக்கு ஏற்றது. மூன்று நூல் 10 முதல் 17 வரையுள்ள அளவுகளுக்குப் பொருந்தும். தோட்ட வேலைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். அரை அங்குலம், அதாவது நான்கு நூல், பெரிய போல்ட்டுகளுக்கு உரியது. அது பருமனாகையால் இடுக்கில் நுழைவது அரிது.

போல்ட்டு இருக்கும் இடுக்கையும் அளத்தல் வேண்டும். ஒரு மூங்கில் சிம்பைச் சீவி, இடுக்கின் அகலத்துக்கு ஒன்றும், போல்ட்டுத் தலைக்கு மேலுள்ள வெற்றிடத்தின் நீளத்துக்கு ஒன்றுமாக நறுக்கிக் கொண்டு கடைக்குச் செல்லலாம். சாக்கெட்டின் வெளிப்புறப் பருமன் முதல் சிம்பைவிடக் குறைவாகவும், மூட்டு உட்பட அதன் நீளம் இரண்டாவது சிம்பைவிடக் குறைவாகவும் இருந்தால் மட்டுமே அதை வாங்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

நம் நாட்டில் பஞ்சாபின் ஜலந்தர், ராஜஸ்தானின் நாகௌர் முதலிய இடங்களில் கைக்கருவிகள் பெருமளவில் தயாராகின்றன. மலிவான உள்நாட்டுப் பொருள் யாவும் தரமற்றது என்பதில்லை. விலை உயர்ந்தது யாவும் தரமுடையது என்பதுமில்லை. குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பது நல்ல அறிகுறியே. எனினும் பொறிப்பை மட்டும் நம்பாமல் பின்வருவனவற்றைக் கையால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மூட்டை ஒரு பக்கம் மடக்கிக் கையை எடுத்தால் அது அப்படியே நிற்க வேண்டும். தொளதொளவென்று தொங்கும் மூட்டை இடுக்கினுள் போல்ட்டின்மீது வைப்பதே பெரும்பாடு. எல்லாத் திசைகளிலும் மூட்டு ஒரே அளவாக மடங்க வேண்டும். எங்கும் பிடித்துக் கொள்ளலாகாது. இரு முனைகளையும் பற்றி எதிரெதிராக முறுக்கினால் ஆட்டம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மூட்டின் ஊசிகள் நன்றாக அடித்து இறுக்கப்பட்டு, வெளியே துருத்தாமல் இருக்க வேண்டும். சதுரத் துளையில் ராட்செட்டைச் செருகினால் குண்டு பதியும் ஓசை கேட்க வேண்டும். இல்லையேல் சாக்கெட் கழன்று இயந்திரத்தினுள் விழும். முலாம் உரிந்திருந்தால் வாங்கலாகாது; நம் மலையின் மூடுபனியில் அது விரைவில் துருப்பிடிக்கும். குழலின் உட்புறம் பன்னிரண்டு முனை உடையதைவிட ஆறு முனை உடையதே நல்லது. தேய்ந்த தலையையும் அது பற்றிக் கொள்ளும்.

விலைச்சீட்டைத் தவறாது பெற்றுக் கொள்க. உடைந்தால் மாற்றித் தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டறிக.

பயன்படுத்தும் முறை

மின் மோட்டாரில் கை வைக்குமுன் பிரதான சுவிட்சை நிறுத்தி, ஃப்யூஸ் கட்டையை எடுத்துக் கையோடு வைத்துக் கொள்க. எஞ்சினாயின் ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

துருப்பிடித்த போல்ட்டை மடங்கு சாக்கெட்டினால் முதலில் அசைக்க முயலலாகாது. துரு நீக்கும் எண்ணெய் விட்டுச் சற்று நேரம் ஊற வைத்து, இயன்ற இடத்தில் ரிங் ஸ்பானர் கொண்டு இளக்கி, பின்னர் மடங்கு சாக்கெட்டினால் சுழற்றி எடுக்க வேண்டும். மாட்டும்போது போல்ட்டை விரலால் இரண்டு மரையாவது ஏற்றிய பின்னரே சாக்கெட்டை வைக்க வேண்டும். சாய்வாகத் தள்ளினால் மரை கெடும். ஒரு கையால் மூட்டைத் தாங்கி, மறு கையால் திருப்புக. கைப்பிடியில் குழாயைச் செருகி நீட்டித் திருகுதல் ஆகாது, ஊசி முறிந்துவிடும். இறுதி இறுக்கத்தை, வழியிருந்தால், நேரான கருவியாலேயே செய்ய வேண்டும். முறுக்கு விசையை அளந்து இறுக்க வேண்டிய இடங்களில் மடங்கு சாக்கெட்டை நம்பலாகாது. காற்று விசையால் இயங்கும் கருவியில், முலாம் பூசிய கைச் சாக்கெட்டை மாட்டுதல் ஆபத்து. அதற்கென்று தடித்த சுவருடைய கறுப்புச் சாக்கெட்டுகள் தனியே உண்டு.

வேலை முடிந்ததும் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தால் பல்லாண்டு உழைக்கும்.

ஊராட்சிகளுக்கு

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் இரு வகையில் உதவலாம். முதலாவது, தேவையற்ற இடத்தில் செலவைத் தவிர்ப்பது. இந்தியா மார்க் 2 கைப்பம்பின் விளிம்பு போல்ட்டுகள் 12 மில்லிமீட்டர் அளவுடையவை. 19 மில்லிமீட்டர் ஸ்பானருக்கு அங்கே தாராளமாக இடமுண்டு. அதற்கு மடங்கு சாக்கெட் தேவையில்லை. மோட்டார் அறையில் சுவரை ஒட்டி அமைந்துவிட்ட பம்புக்கோ அது தேவைப்படலாம். எனவே இயக்குபவரைக் கேட்டு, எந்தப் போல்ட்டு எட்டவில்லை என்று எழுதி வாங்கிய பின்னரே கொள்முதல் செய்தல் நலம்.

இரண்டாவது, பொதுக் கருவிப் பெட்டி. ஆண்டுக்கு இரண்டு நாள் பயன்படும் கருவியை ஒவ்வொரு குடும்பமும் வாங்க வேண்டியதில்லை. ஒரு குக்கிராமத்துக்கு ஒரு பெட்டி. அதில் மூன்று நூல் ராட்செட் ஒன்று, 10 முதல் 19 வரை சாதாரணச் சாக்கெட்டுகள், நீட்டிப்புத் தண்டு ஒன்று, மடங்கு இணைப்பு ஒன்று, ரிங் ஸ்பானர்கள், ஓர் எண்ணெய்க் குப்பி ஆகியவை இருந்தால் போதும். மகளிர் சுய உதவிக் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ அதனைப் பொறுப்பேற்று, எடுத்துச் செல்பவர் பெயரையும் திருப்பிய நாளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற இளைஞர் ஊரில் இருந்தால், அறுவடை தொடங்குமுன் ஒரு நாள் அவரைக் கொண்டு எல்லாப் பல்ப்பர்களின் போல்ட்டுகளையும் சோதித்து இறுக்கச் செய்யலாம்.

சிறு கருவிதான், எனினும் அது கையில் இருந்தால் பறித்த பழம் அன்றே தோல் நீங்கிக் களத்துக்குச் செல்லும், மேட்டுத் தெருக் குழாயில் தண்ணீர் வரும். வரும் காப்பிப் பருவத்துக்கு முன் ஒவ்வொருவரும் தம் இயந்திரத்தின் அருகே ஒரு முறை அமர்ந்து, ஸ்பானர் எட்டாத போல்ட்டு எது என்று பார்த்து அளந்து வைப்பார்களாக. வாங்க வேண்டியது என்ன என்பது அப்போது தாமாகவே புலப்படும்.