கடல் கடந்த கட்டுமரம்

சென்னையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியே தெற்கே போனால் நாவலூர் வரும். ஒரு காலத்தில் சின்னஞ்சிறு கிராமம். இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்கு மாடிகளும் அதை அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டன. அங்கே ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் எழுதிய பலகையைப் பாருங்கள். முதல் ஐந்து எழுத்துக்களை மட்டும் படித்தால் ‘நேவல்’ என்று வரும். கடற்படைக்கு ஆங்கிலேயர் வழங்கும் சொல்! ஊருக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். அதைத் தாண்டினால் கடல். ‘ஆகா! நம் நாவலூரிலிருந்துதான் இந்தச் சொல் இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது’ என்று மார் தட்டத் தோன்றுகிறது அல்லவா?

தட்ட வேண்டாம். ‘நேவல்’ என்பது கப்பலைக் குறிக்கும் ‘நாவிஸ்’ என்ற லத்தீன் சொல்லின் சந்ததி. நாவலூரில் நம் காதில் விழுவதோ நாவல் மரம். எழுத்து ஒன்றாக இருப்பதால் உறவு வந்துவிடாது. ‘கேஷ்’ என்ற சொல்லின் கதையும் இப்படித்தான். ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பணப் பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் கீழை நாடுகளில் புழங்கிய சில்லறை நாணயத்துக்கும் ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். போர்த்துகீசியர் வாய் வழியாகப் போன நமது காசு அது! இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். தாய் மட்டும் வேறு வேறு.

இத்தகைய சந்தேகம் எதுவும் இல்லாமல், எல்லா ஆங்கில அகராதிகளும் ‘இது தமிழ்’ என்று ஒப்புக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு. அதுதான் ‘கேட்டமரான்’. நமது கட்டுமரம்!

துரை கண்ட அதிசயம்

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர் உலகத்தை மூன்று முறை சுற்றி வந்தவர். கொஞ்ச நாள் கடற்கொள்ளைக்காரர்களோடும் சிநேகம்! தம் முதல் பிரயாணத்தைப் பற்றி 1697-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இடம் பெற்றிருக்கிறது. பெரிய பெரிய கப்பல்களைப் பார்த்த கண்களுக்கு இந்த நாலு கட்டை எப்படி அதிசயமாகப் பட்டது?

காரணம் நமது கடற்கரைதான். மகாபலிபுரத்திலிருந்து சென்னை வரை அலையை அடக்கி வைக்க இயற்கையான துறைமுகம் கிடையாது. அலை கரைக்கு வருமுன்பே எழும்பி, சுருண்டு, உடைந்து விழும். ஐரோப்பியக் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அவர்களுடைய படகு அந்த அலையில் அகப்பட்டால் தண்ணீர் நிரம்பும், அல்லது கவிழும்.

கட்டுமரத்துக்கு இந்தப் பயமே இல்லை. அதில் தண்ணீர் நிரம்ப இடம் ஏது? இலேசான மரத்தில் மூன்று, நான்கு, ஐந்து கட்டைகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கம் வைத்து, இரு முனைகளிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஆணி கிடையாது. அலை மேலே விழுந்தால் கட்டைகளின் இடுக்கு வழியே தண்ணீர் ஒழுகிப் போய்விடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித் தனியாக வெயிலில் உலரப் போடுவார்கள். தண்ணீர் குடித்த கட்டை கனக்கும் அல்லவா? மறுநாள் விடியுமுன் மறுபடியும் கட்டு, மறுபடியும் கடல்.

சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, அலை கொந்தளிக்கும் நாட்களில் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தபால் சுமந்தவர்கள் இந்தக் கட்டுமரக்காரர்களே. தண்ணீர் புகாத குல்லாய்க்குள் கடிதங்களை வைத்துத் தலையில் அணிந்துகொண்டு புறப்படுவார்கள். கோட்டையிலிருந்த துரைமார்களுக்குச் சீமைக் கடிதம் கிடைப்பது ஒரு மீனவரின் தலையைப் பொறுத்திருந்தது!

சொல் எடுத்த அவதாரங்கள்

இந்தத் தபால்காரரோடு பெயரும் கப்பல் ஏறிவிட்டது. ஏறிய பிறகு அது எடுத்த வேஷங்கள் கொஞ்சமல்ல.

1804-ல் நெப்போலியனின் படகுக் கூட்டத்தைத் தகர்க்க, ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் ஆங்கிலேயருக்கு வெடிமருந்துப் பெட்டகங்கள் செய்து கொடுத்தார். பிரான்ஸின் பூலோன் துறைமுகத்தில் அவற்றை மிதக்கவிட்டார்கள். அவற்றுக்கும் பெயர் கேட்டமரான். சத்தம் பெரிது, சேதம் சொற்பம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலோ பனியில் விறகு இழுக்கும் சறுக்கு வண்டிக்கு இந்தப் பெயர்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இன்னொரு அர்த்தமும் முளைத்தது. சகோதரிகள் கோபிக்கக் கூடாது. சண்டைக்காரப் பெண்பிள்ளைக்கு இங்கிலாந்தில் ‘கேட்டமரான்’ என்று பெயர்! முதல் பாதி பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் போல ஒலிப்பதால் வந்த வினை என்று ஊகிப்பவர்கள் உண்டு. நமது கட்டுமரம் யாரோடும் வம்புக்குப் போனதில்லை.

இன்று உலகமெல்லாம் வழங்கும் அர்த்தம் வேறு. இரண்டு மெல்லிய படகுகளை இணை சேர்த்து நடுவே தளம் போட்ட ஓடத்தை இப்போது கேட்டமரான் என்கிறார்கள். 1876-ல் நத்தானியேல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் இப்படி ஒரு பாய்மரப் படகு செய்து நியூயார்க் பந்தயத்தில் மற்றவர்களை வெகு தூரம் பின்னுக்குத் தள்ளினார். ‘இது படகே அல்ல’ என்ற ரீதியில் ஆட்சேபம் கிளம்பியது! 1990-ல் டாஸ்மேனியாவில் கட்டிய 74 மீட்டர் நீளமுள்ள கேட்டமரான் ஒன்று அட்லாண்டிக் சமுத்திரத்தை மூன்றரை நாட்களுக்குள் கடந்து, வேகத்துக்கான ஹேல்ஸ் கோப்பையை வென்றது.

பெருமைப்படுவதற்கு முன்னால் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இணைப் படகு என்ற வடிவம் நம்முடையதல்ல. பசிபிக் தீவு மக்கள் அத்தகைய ஓடங்களில் நெடுந்தூரம் போய்க் குடியேறியவர்கள். வடிவத்தின் புகழ் அவர்களுக்கு. பெயர் மட்டுமே நம்முடையது.

அந்தப் பெயரும் முழுசாக நிற்கவில்லை. படகோட்டிகள் செல்லமாக வெறும் ‘கேட்’ என்று வெட்டிவிட்டார்கள். சென்ற நூற்றாண்டின் நடுவில் மூன்று உடல் கொண்ட படகு வந்தபோது, ‘கட்டு’ இருந்த இடத்தில் மூன்றைக் குறிக்கும் ‘ட்ரை’யை ஒட்டி ‘ட்ரைமரான்’ என்று பெயர் சூட்டினார்கள். கயிற்றுக் கட்டும் இல்லை. பெரும்பாலும் மரமும் இல்லை! அந்தச் சொல்லை உச்சரிக்கும் கோடிப் பேரில், அதற்குள்ளே ‘கட்டு’ என்றும் ‘மரம்’ என்றும் இரண்டு சொற்கள் இருப்பது தமிழ் தெரிந்தவர் காதில்தான் விழும்.

அவிழும் கட்டு

அந்தக் காதுக்கும் இப்போது சோதனை. இந்தக் கரையோரத்தில் கட்டுமரம் மெல்ல மெல்லக் குறைந்து, ஃபைபர் படகு வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த மாற்றம் மிகவும் வேகம் பிடித்தது. மீனவரைக் குறை சொல்ல முடியாது. மோட்டார் வைத்தால் தூரம் போகலாம். உடம்பு நனையாமல் உட்காரலாம். மீனும் அதிகம் கொண்டு வரலாம். நம் வேடிக்கைக்காக அவர்கள் நனைந்துகொண்டே இருக்க வேண்டுமா, என்ன?

ஆனால் கட்டையைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும், கயிற்றை இறுக்கும் கையும் ஒரு தலைமுறை சும்மா இருந்தால் போதும், மறந்துபோகும். அகராதி சொல்லைக் காப்பாற்றும், முடிச்சைக் காப்பாற்றாது.

உங்கள் குழந்தை ஆங்கிலப் பாடத்தில் ‘கேட்டமரான்’ என்ற சொல்லைக் கண்டு அர்த்தம் கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கடற்கரைக் குப்பத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டுமரம் ஏறிப் பழகிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘தாத்தா, மரத்தை எப்படிக் கட்டுவீர்கள்?’ என்று அவன் கேட்கட்டும். அவர் கயிற்றை எடுத்துக் காட்டும்போது, கையோடு ஒரு நோட்டில் வரைந்தும் வைத்துக்கொள்ளட்டும்.