பின்னால் ஏறுபவரின் பாதுகாப்பு யார் கையில்?

கொம்பனித்தெரு புகையிரத நிலைய வாசலிலோ யூனியன் பிளேஸ் ஓரத்திலோ சிறிது நேரம் நின்று பார்ப்போம். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறுபவர்களில் பலர் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள்: வைத்தியசாலைக்குப் போகும் தாய், பாடசாலைப் பிள்ளை, ஊரிலிருந்து அலுவலாக வந்த முதியவர். ஹாண்டிலும் பிரேக்கும் இவர்கள் கையில் இல்லை. ஆனால் வண்டி சரிந்தால் விழுபவர்கள் இவர்களும்தான். ஆகவே இவர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்குவது ஓட்டுபவரின் முதற் கடமை.

ஏன் இடப்பக்கம்?

நம் நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆகவே வண்டியின் இடப்பக்கம் நடைபாதை இருக்கும். வலப்பக்கம் பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் உரசிக்கொண்டு போகும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் சூடேறிய சைலன்சரும் வலப்பக்கமே உள்ளது. எனவே ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கத்தில்தான்.

ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. இடப்பக்கக் கால்தட்டில் ஒருவர் ஏணிப்படியில் ஏறுவதுபோல் ஏறி நின்றால், அவருடைய முழு எடையும் வண்டியின் நடுக்கோட்டுக்கு வெளியே விழும். 60 கிலோ எடையுள்ளவர் திடீரென அப்படி ஏறினால் வண்டி இடப்பக்கம் இழுபடும். ஓட்டுபவர் ஆயத்தமாக இல்லாவிட்டால் இருவரும் விழுவர்.

ஓட்டுபவர் செய்ய வேண்டியவை

1. சமதரையில், நடைபாதையை ஒட்டி வண்டியை நிறுத்துங்கள். ஒழுங்கை வாயிலிலும் வாகன வரிசையின் நடுவிலும் ஆள் ஏற்ற வேண்டாம்.
2. கியரை நியூட்ரலில் வைத்து, பக்க ஸ்டாண்டை மடக்குங்கள். மடக்க மறந்து புறப்பட்டால், இடப்பக்கம் திரும்பும்போது ஸ்டாண்ட் தரையில் இடித்து வண்டியைக் கவிழ்க்கும்.
3. இரு பாதங்களையும் தரையில் அகல ஊன்றி, முன் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள்.
4. பின் கால்தட்டுகள் இரண்டையும் விரித்து வையுங்கள்.
5. "ஏறுங்க" என்று நீங்கள் சொன்ன பிறகே அவர் ஏறட்டும்.

ஏறுபவர் செய்ய வேண்டியவை

முதலில் தலைக்கவசத்தை அணிந்து பட்டியைப் பூட்டுங்கள். பின்னால் இருப்பவருக்கும் இது சட்டப்படி கட்டாயம். 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, தலைக்கவசம் உயிரிழக்கும் ஆபத்தை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காய ஆபத்தை 69 வீதமும் குறைக்கிறது.

அடுத்து, ஓட்டுபவரின் தோளைப் பிடித்து, இடக்கால் தரையில் இருக்க, வலக்காலை ஆசனத்தின் மேலாகப் போட்டு உட்காருங்கள். அதன்பின் கால்களைத் தட்டில் வையுங்கள். உயரம் போதாதவர்களும் முதியவர்களும் நடைபாதைக் கல்லில் நின்று ஏறலாம். கால்தட்டில் மிதித்தே ஏற வேண்டுமானால், உடலை ஓட்டுபவர் பக்கம் சாய்த்து மெதுவாக ஏறுங்கள். அருகில் நிற்பவர் முழங்கையைத் தாங்கினால் போதும், இழுக்கக் கூடாது.

வண்டி சிக்னலில் நின்றாலும் கால்களைத் தரையில் ஊன்றாதீர்கள். இறங்கும்போதும் ஓட்டுபவர் சொல்லும்வரை பொறுத்து, பின்னால் பார்த்து, இடப்பக்கமே இறங்குங்கள்.

சேலையும் சக்கரமும்

புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில், தமது நீண்ட சால்வை மோட்டார் காரின் சக்கரத்தில் சுற்றியதால் உயிரிழந்தார். சேலை முந்தானைக்கும் துப்பட்டாவுக்கும் இதே ஆபத்து உண்டு. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்தட்டும், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. நம் வீதிகளில் ஓடும் பல வண்டிகள் அங்கிருந்து வந்தவையே. அழகுக்காக அந்தத் தடுப்பைக் கழற்றுவது தாயின் உயிரோடு விளையாடுவதாகும். உடைந்திருந்தால் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பொருத்துங்கள்.

முந்தானையை இடுப்பில் செருகி, துப்பட்டாவை முடிந்துகொண்டு ஏறுங்கள். இருபுறமும் கால் போட்டு இருப்பதே உறுதியானது. ஒருபக்கமாக உட்காரத்தான் வேண்டுமென்றால் இரு பாதங்களும் தட்டில் இருக்கட்டும். ஒரு கை பின் கைப்பிடியைப் பிடித்திருக்கட்டும். மடியில் குழந்தையோ பையோ வேண்டாம்.

சைலன்சர் சுட்டுவிட்டால்

காயத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், வெண்ணெய் எதையும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி வைத்தியரிடம் காட்டுங்கள்.

இவற்றுக்கெல்லாம் ஒரு நிமிடம்கூடச் செல்லாது. முதியவர் ஒருவரின் இடுப்பெலும்பு முறிந்தால் அவர் மீண்டும் எழுந்து நடக்க மாதக்கணக்காகும். சிலர் நடப்பதே இல்லை.

குழுவாகக் கலந்துரையாட

1. நம் வீட்டு வண்டியில் சக்கரத் தடுப்பும் பின் கைப்பிடியும் உள்ளனவா?
2. பின்னால் வருபவருக்கென இரண்டாவது தலைக்கவசம் வைத்திருக்கிறோமா?
3. நம் ஒழுங்கையில் ஆள் ஏற்றி இறக்கப் பாதுகாப்பான இடம் எது?