குறும்பெட்டி பிக்கப் டிரக்கிற்கான ஐந்தாம் சக்கர இணைப்பி

ஐந்தாம் சக்கர இணைப்பி என்பது பிக்கப் டிரக்கின் சரக்குப் பெட்டிக்குள் பொருத்தப்பட்டு, பெரிய டிரெய்லரை இழுக்கப் பயன்படும் கருவி ஆகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் சமையலறை, படுக்கையறை கொண்ட பயண டிரெய்லர்களை இழுக்க இது பரவலாகப் பயன்படுகிறது. சரக்குப் பெட்டியின் நீளம் குறைவாக உள்ள டிரக்கில், திருப்பத்தின்போது டிரெய்லரின் முன்மூலை ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியை இடித்துவிடக்கூடும். எனவே இவ்வகை டிரக்கிற்கு இணைப்பியை அளந்து, கணக்கிட்டுத் தேர்வு செய்ய வேண்டும்.

பெயர்க் காரணம்

நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு இருபுறமும் திரும்புவதற்காக, அதன்மேல் படுக்கைவாட்டில் ஒரு வட்ட வளையம் வைக்கப்பட்டது. தரையில் உருளும் நான்கு சக்கரங்களோடு சேர்த்து எண்ணி அதனை ஐந்தாம் சக்கரம் என்றனர். பின்னர் அப்பெயர் லாரிகளின் இணைப்பிக்கும் வந்தது. சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களிலிருந்து கன்டெய்னர்களை ஏற்றிச்செல்லும் நீண்ட லாரிகளில் காணப்படுவதும் இதே தத்துவம்தான்.

அமைப்பு

டிரெய்லரின் முன்பகுதியில் கீழ்நோக்கி நிற்கும் தடித்த எஃகு முளை கிங்பின் எனப்படும். இதன் விட்டம் பொதுவாக 2 அங்குலம். டிரக்கில் உள்ள இணைப்பியின் தட்டில் இருக்கும் தாடைகள் இம்முளையைப் பற்றிக்கொள்கின்றன. இணைப்பி பின் அச்சுக்கு நேர்மேலாகவோ சற்று முன்னதாகவோ அமைக்கப்படும். பின் அச்சுக்கு மிகவும் பின்னால் அமைத்தால் டிரக்கின் முன்புறம் தூக்கப்படும். முன்சக்கரங்கள் மீதான எடை குறைவதால் வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும்.

இடவசதிச் சிக்கல்

நெடும்பெட்டி டிரக்கில் சரக்குப் பெட்டி ஏறத்தாழ 8 அடி நீளம் இருக்கும். குறும்பெட்டியில் அது சுமார் ஐந்தரை முதல் ஆறரை அடி வரை மட்டுமே. பின் அச்சிலிருந்து ஓட்டுநர் அறை வரையுள்ள தூரம் நெடும்பெட்டியில் 50 அங்குலத்துக்கு மேல் இருக்கும். குறும்பெட்டியிலோ அது சுமார் 40 அங்குலமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். டிரெய்லரின் அகலம் 96 அங்குலம். அதில் பாதி 48. முன்சுவர் கிங்பின்னுக்கு 14 அங்குலம் முன்னால் நீண்டிருக்கிறது. பிதாகரசு தேற்றத்தின்படி, கிங்பின்னிலிருந்து முன்மூலைக்கு உள்ள தூரம் 50 அங்குலம் (48² + 14² = 50²). ஓட்டுநர் அறை 40 அங்குலத் தொலைவில் இருந்தால், நேர்ச்சாலையில் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் டிரக்குக்கும் டிரெய்லருக்கும் இடையிலான கோணம் சுமார் 37 பாகையை எட்டும்போது மூலை அறையைத் தொட்டுவிடும். முகாம் இடத்தில் பின்னோக்கி ஓட்டி நிறுத்தும்போதும், எரிபொருள் நிலையத்தில் வளையும்போதும் இக்கோணம் எளிதில் வந்துவிடும். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிய வண்டி, நிறுத்துமிடத்தில் கண்ணாடியை உடைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

தீர்வுகள்

நிலையான இணைப்பி: நகராத எளிய வகை. விலையும் எடையும் குறைவு. முன்மூலைகள் உட்குழிந்து வடிவமைக்கப்பட்ட டிரெய்லருக்கு, அளந்து பார்த்தபின் இதுவே போதுமானதாக இருக்கலாம்.

கையால் நகர்த்தும் இணைப்பி: கூர்மையான திருப்பத்துக்கு முன் ஓட்டுநர் இறங்கி நெம்புகோலை விடுவித்து, இணைப்பியை ஏறத்தாழ ஓர் அடி பின்னால் நகர்த்துவார். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 40 அங்குலம் 52 ஆகிவிடும், மூலை தப்பும். ஆனால் 2 அங்குல இடைவெளி மேடுபள்ளமான தரையில் போதாது. சாலையில் ஏறுமுன் இணைப்பியை மீண்டும் முன்னால் கொண்டுவந்து பூட்ட வேண்டும். இதன் பெருங்குறை மறதிதான்.

தானாக நகரும் இணைப்பி: டிரெய்லர் திரும்பத் திரும்ப இணைப்பி தானே பின்னகர்ந்து, நேரானதும் பழைய இடத்துக்கு வரும். புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைடு இவ்வகையைச் சேர்ந்தது. கிங்பின்னைச் சுற்றி அதற்குரிய தட்டைப் பொருத்த வேண்டும். விலையும் எடையும் அதிகம், மறதிக்கு இடமில்லை.

சுழலும் பின்பெட்டி: இங்கு மாற்றம் டிரெய்லரில் செய்யப்படுகிறது. ரீஸ் நிறுவனத்தின் சைட்விண்டர் போன்றவற்றில், திரும்பும் மையம் கிங்பின்னிலிருந்து ஏறத்தாழ இரண்டடி பின்னால் அமைகிறது. எடை மட்டும் பின் அச்சின் மீதே இறங்கும். இணைப்பியின் தலை சுழலாதபடி பொருத்தமான ஆப்பு தேவை.

எடைக் கணக்கு

இடவசதி சரியாக இருந்தாலும் எடை மிகுந்தால் பயனில்லை. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடு கிங்பின் வழியாக டிரக்கின் மீது இறங்குகிறது. 10,000 பவுண்டு (சுமார் 4,540 கிலோ) டிரெய்லரில் 20 விழுக்காடு என்றால் 2,000 பவுண்டு. இணைப்பியின் எடை 200, பயணிகளும் பொருள்களும் 450 என்று கொண்டால் கூடுதல் 2,650 பவுண்டு. டிரக்கின் கதவு நிலையில் ஒட்டப்பட்டுள்ள தாளில் ஏற்றக்கூடிய எடை 2,300 என்றிருந்தால், 350 பவுண்டு மிகை. விளம்பரத்தில் "12,000 பவுண்டு இழுக்கும்" என்றிருந்தாலும் இந்த டிரக் இந்த டிரெய்லருக்கு ஏற்றதன்று. இழுக்கும் திறன் வேறு, தாங்கும் திறன் வேறு. மேலும், விற்பனைக் கையேடுகளில் தரப்படும் கிங்பின் எடை பெரும்பாலும் காலி டிரெய்லருக்கு உரியது. தண்ணீர், சமையல் வாயு, துணிமணிகள் ஏறியபின் அது கூடும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. பின் அச்சின் மையத்திலிருந்து ஓட்டுநர் அறை வரையுள்ள தூரம்.
2. கிங்பின்னிலிருந்து டிரெய்லரின் முன்மூலை வரையுள்ள தூரம்.
3. பெட்டியின் பக்கச்சுவர் மேல்விளிம்புக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் இடையே சுமார் 6 அங்குல இடைவெளி.
4. கதவு நிலைத் தாளில் உள்ள ஏற்றக்கூடிய எடை.
5. இணைப்பியைத் தாங்கும் தண்டவாளங்கள் டிரக்கின் சட்டத்தோடு பிணைக்கப்பட வேண்டும். பெட்டியின் தகட்டில் மட்டும் முடுக்கினால் பிடிப்பு நிற்காது.

இணைத்தபின் சோதனை

கிங்பின் தாடைகளுக்குள் இறங்காமல் மேலேயே தங்கிவிட்டாலும், பார்வைக்குப் பூட்டியதுபோல் தோன்றலாம். அந்நிலையில் புறப்பட்டால் டிரெய்லர் விலகிப் பெட்டியின் பக்கச்சுவர்கள் மீது விழும். ஆகவே தாடைகள் மூடியுள்ளனவா என்று விளக்கொளியில் பார்க்க வேண்டும். பிறகு டிரெய்லரின் தாங்குகால்களை முழுவதும் உயர்த்துமுன், அதன் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கை மெதுவாக முன்னோக்கி இழுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு நிமிடமே ஆகும் இச்சோதனையை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.