பள்ளிக்கரணையில் கொக்குகளுக்கு "அடையாள அணிவகுப்பு"!

வெள்ளையாகப் பறப்பதெல்லாம் ஒரே கொக்கு என்று நினைத்துக்கொண்டு பஸ்சில் போகிறவரா நீங்கள்?

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் ரோடு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. காலையில் அந்தப் பக்கம் கேமராவும் பைனாகுலருமாகச் சிலர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உளவாளிகள் அல்ல! நீர்ப்பறவைகளைப் படம் பிடித்து, "ஆள் யார்?" என்று கண்டுபிடிப்பது இவர்கள் பொழுதுபோக்கு. ஜெயிலில் நடக்கும் அடையாள அணிவகுப்பு தோற்றது, போங்கள்!

மூக்கைப் பார்... காலைப் பார்!

வெள்ளைக் கொக்கில் மட்டும் 4 பேர்.

சின்னக் கொக்குக்கு மூக்கும் காலும் கறுப்பு. பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நின்றால் பாதம் தெரியாது. அது காலைத் தூக்கும்வரை கேமராக்காரர் காத்துக் கிடக்க வேண்டியதுதான். உண்ணிக் கொக்குக்குக் குட்டைக் கழுத்து, மஞ்சள் மூக்கு. மாட்டின் பின்னாலேயே சுற்றும்.

பெரிய கொக்கு, நடுத்தரக் கொக்கு இரண்டிலும்தான் தகராறு. இரண்டுக்கும் மஞ்சள் மூக்கு, கறுப்புக் கால். வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது. கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம். தூரத்திலிருந்து இது தெரியாது. படத்தைப் பெரிதாக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மாறுவேடம்

முட்டையிடும் பருவம் வந்தால் வேஷம் மாறும். பெரிய கொக்கின் மஞ்சள் மூக்கு கறுத்துவிடும். உண்ணிக் கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும். அதனால் படத்தில் தேதி முக்கியம்.

பலே கில்லாடி மடையான்தான்! உட்கார்ந்தால் மண் நிறம். இறக்கையை விரித்தால் வெள்ளை வெளேர். இதற்குப் போய் மடையான் என்று பெயர் வைத்தார்களே!

படம்தான் சாட்சி

பள்ளிக்கரணைக்குச் சாட்சி ரொம்பத் தேவை. கட்டடமும் ரோடும் குப்பையும் தின்றது போக மிச்சம் இருந்ததில் ஒரு பகுதி, 2007-ல் காப்புக்காடு ஆனது. 2022-ல் உலக ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. "இது வெறும் பொட்டல்தானே, பறவை எங்கே?" என்று கேட்பவர்கள் முன்னால், தேதியும் இடமும் போட்ட படத்தைத்தான் எடுத்து வைக்க முடியும்.

கல்லெறியும் ஆசாமிகள்

இந்தக் கூட்டத்திலும் வம்பர்கள் உண்டு. பறக்கிற மாதிரி படம் வேண்டும் என்று கல் எறிகிறார்கள், கை தட்டுகிறார்கள். கூட்டில் இருக்கும் தாய் மிரண்டு எழுந்துபோனால், முட்டை வெயிலில் வெந்துவிடும். இல்லாவிட்டால் காக்கா கொத்திவிடும்.

வேட்டை என்றால் துப்பாக்கிதான் தூக்க வேண்டும் என்பதில்லை. காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைத்தாலும், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அதுவும் "வேட்டை" கணக்கில்தான் வருகிறது!