வண்டியோடு இணைந்த பந்தல்

விடுமுறையில் போர்ட்டிக்சன் கடற்கரையிலோ கேமரன் மலையிலோ முகாமிடுவோர், வேனின் கூரை ஓரத்தில் கித்தான் பந்தல் ஒன்றைப் பொருத்திக்கொள்வதுண்டு. அது வெயிலுக்கு நிழலும் மழைக்கு ஒதுங்கிடமும் தரும்.

பந்தல் வாங்குமுன் வண்டியின் நீளத்தை அளத்தல் வேண்டும்; கூரைமேல் உள்ள சட்டம் அதன் எடையைத் தாங்குமா என்பதையும் அறிதல் வேண்டும்.

நம் நாட்டில் மழை திடீரெனக் கொட்டும். 2 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள பந்தலின் பரப்பு 5 சதுர மீட்டர். அதன்மேல் 1 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கினால் அது 50 லிட்டராகும். அதன் எடையோ 50 கிலோகிராம்! கால்கள் வளையும், துணியும் கிழியும். ஆகவே, வெளிப்புறக் கால்களுள் ஒன்றைத் தாழ்த்தி, நீர் வழிந்தோடச் செய்தல் வேண்டும்.

கால்களைக் கயிற்றால் முளைகளில் இறுகக் கட்டுக. பெருங்காற்று எழுமுன் பந்தலைச் சுருட்டிவிடுக. இடி முழங்கினால் பந்தலின்கீழ் நில்லாது, வண்டிக்குள் சென்று கதவுகளை அடைத்துக்கொள்க. பந்தலின் அடியில் அடுப்பு மூட்டலாகாது. ஈரத்துணியில் பூஞ்சணம் பிடிக்குமாதலால், வீடு திரும்பியதும் விரித்து உலர்த்துக.

வகுப்பில் கற்ற பரப்பளவுக் கணக்கு மழைநாளில் குடும்பத்தைக் காக்கும் என்பதை மாணவர்கள் உணர்வார்களாக!